எட்டு ஐம்பது வண்டி

கடலூர்
7.6.2010

எழிலுக்கு,

இதைக் கொண்டு வருபவர் நம் எட்டு ஐம்பது வண்டி டிரைவர் கலியபெருமாள். தபாலில் போட்டால் இரண்டு நாள், வண்டியில் கொடுத்துவிட்டால் ஒன்றேகால் மணி நேரம். போன் செய்தால் ஒரு நிமிடம்தான். ஆனால் மூன்று வருடமாக என் நம்பரைப் பார்த்தால் நீ எடுப்பதில்லை. உன் அக்கா அனுப்பிரியா கூப்பிட்டால் மட்டும் பேசுகிறாய். அது குடும்ப விஷயம். இது ஆபீஸ் விஷயம், அதனால் எழுதுகிறேன்.

நம் ராசம்மாள் டிரான்ஸ்போர்ட்டின் எட்டு வண்டிக்கும் இனிமேல் கம்ப்யூட்டர்தான் ஷெட்யூல் போடும். எந்த டிரைவருக்கு எந்த டிரிப் என்று நான் கையால் சார்ட் எழுதி, முதலாளி அதைத் திருத்தி, டிரைவர்கள் என்னைத் திட்டிக்கொண்டிருந்த காலம் முடிந்தது. பைத்தான் என்கிற மொழியில் நானே ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன். ஆறு மாதம் இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக நீ நோட்டில் எழுதுகிற வருகை நேரத்தை நான் இங்கே டைப் செய்வேன். வண்டி வர வேண்டிய நேரத்தையும் வந்த நேரத்தையும் புரோகிராம் ஒப்பிட்டுப் பார்க்கும். மாதத்தில் பத்து நாளுக்கு மேல் லேட் என்றால் அந்தப் பெயர் சிவப்பு. தொடர்ந்து இரண்டு மாதம் சிவப்பு என்றால் பெயர் தானாகவே சார்ட்டிலிருந்து இறங்கிவிடும், அந்த டிரைவர் ஸ்பேருக்குப் போவார், யாராவது லீவு போட்டால்தான் அவருக்கு வண்டி. சிபாரிசுக்கு இடமில்லை. முதலாளி சுப்பிரமணியன் சாருக்கு இந்தத் தானாக இறங்குகிற சங்கதி ரொம்பப் பிடித்துவிட்டது.

உன்னிடம் வேண்டுவது இரண்டு. மத்தியானத்துக்கு மேல் ரயில்வே நேரம் எழுது, ஒன்று இருபது என்றால் 13.20. பத்து மணிக்கு முந்திய நேரத்துக்கெல்லாம் முன்னால் ஒரு சுழியம் போடு, 9.12 என்று எழுதாமல் 09.12 என்று எழுது. பட்டியல் ஒரே அகலத்தில் வரும், பார்க்க அழகாக இருக்கும்.

கதிரவன்


சிதம்பரம்
8.6.2010

மாமாவுக்கு,

கடிதம் நேற்று 10.04-க்கு வந்தது. கலியபெருமாள் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்ததால் ஓரம் கொஞ்சம் நனைந்திருந்தது, எழுத்து போகவில்லை.

ரயில்வே நேரம் எழுதுகிறேன். சுழியம் போட மாட்டேன். ஒன்பது மணிக்கு முன்னால் ஒன்றும் கிடையாது, இல்லாததை எதற்கு எழுத வேண்டும்? எனக்கு முன்னால் இந்த ஷெட்டில் மூன்று டைம்கீப்பர்கள் இருந்தார்கள். பழைய நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டேன், ஒருவரும் போட்டதில்லை. வண்டி வந்து நின்றால் ஒரு பக்கம் கண்டக்டர் கையெழுத்துக்கு நோட்டை இழுக்கிறார், இன்னொரு பக்கம் சீர்காழி பஸ் எங்கே நிற்கும் என்று யாராவது கேட்கிறார்கள். எழுத எனக்குக் கிடைப்பது அரை நிமிடம். அழகுக்கெல்லாம் நேரமில்லை.

போன் விஷயத்தை நீங்களே எடுத்தீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் உங்கள் பாப்பாவின் காதுகுத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது அப்பா உங்களிடம் கேட்டார். உங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார்களாமே, எழிலும் டிப்ளமோ படித்திருக்கிறாளே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று. நீங்கள் ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னீர்கள்: "கம்ப்யூட்டரெல்லாம் அதுக்கு வராது மாமா. நோட்டுல நேரம் எழுதற வேலதான் அதுக்கு சரி." உங்களுக்குப் பின்னால் அப்பளக் கூடையோடு நின்றது நான்தான். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பளம் மட்டும் வாங்கிக்கொண்டீர்கள்.

அதனால் நோட்டில் நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதை எனக்குத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

எழிலரசி


கடலூர்
30.7.2010

எழிலுக்கு,

காதுகுத்து விஷயத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. பிறகு எழுதுகிறேன்.

சுழியத்தை விட்டுவிட்டேன். வர வேண்டிய நேர அட்டவணையில் நான் போட்டிருந்த சுழியங்களையும் எடுத்துவிட்டேன். ஒரு பக்கம் இருந்து இன்னொரு பக்கம் இல்லாவிட்டால் நன்றாக இருக்காது. நீ எழுதியதை எழுதியபடியே டைப் செய்கிறேன், ஒரு புள்ளிகூட மாற்றுவதில்லை. ஜூன், ஜூலை இரண்டு மாதப் பட்டியலிலும் ஒரு சிவப்பு இல்லை. முதலாளிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்போது வேறொரு பிரச்சினை. செவ்வாய்க்கிழமை முதலாளி சிதம்பரம் வந்தபோது உன் ஷெட் கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு பார்த்திருக்கிறார். ஆறு நிமிடம் முன்னால் ஓடுகிறதாம். ஊரில் எல்லார் வீட்டிலும் கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னால்தான் ஓடும், நம் வீட்டிலும் அப்படித்தான், உன் அக்கா வைத்தது. அவசரமாகக் கிளம்பி, பிறகு வாசலில் நின்று ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருப்போம். ஆனால் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற நேரம் சரியாக இருக்க வேண்டும். மாற்றிவிடு. டிரைவர்களுக்கும் இதில் லாபம்தான். எல்லாரும் ஆறு நிமிடம் சீக்கிரம் வந்ததாகப் பதிவாகும்.

கதிரவன்


சிதம்பரம்
1.8.2010

மாமாவுக்கு,

இன்று காலை முதல் வண்டி வருவதற்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்தை இறக்கினேன். ரயில்வே ஸ்டேஷனுக்கு எடுத்துப்போய் அங்கிருந்த கடிகாரத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். கையில் சுவர்க் கடிகாரத்தோடு நடந்து போனதை நான்கு பேர் பார்த்துச் சிரித்தார்கள். அந்த ஆறு நிமிடம் யார் வைத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. டிரைவர்களை விரட்டுவதற்காக வைத்தது என்கிறார்கள். டிரைவர்களுக்கு அது என்றைக்கோ தெரியும், மனதில் கழித்துக்கொள்கிறார்கள்.

எட்டு ஐம்பது வண்டி வந்தபோது கலியபெருமாள் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். "இன்னிக்கு இன்னும் பத்தே ஆவலியா மேடம்" என்று சந்தோஷப்பட்டார். 9.57 என்று எழுதினேன்.

எழிலரசி


கடலூர்
2.9.2010

எழிலுக்கு,

ஆகஸ்ட் பட்டியல் வந்துவிட்டது, நகல் இதோடு வைத்திருக்கிறேன். கலியபெருமாள் இருபத்தாறு நாள் ஓட்டியிருக்கிறார், அதில் இருபத்துநாலு நாள் லேட். எல்லாம் அந்த எட்டு ஐம்பது டிரிப்பில்தான். எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது, இங்கிருந்து சரியாகத்தான் எடுக்கிறார். வழியில் எங்காவது நிறுத்துகிறாரா என்று கேள். செப்டம்பரும் இப்படிப் போனால் புரோகிராம் அவரை சார்ட்டிலிருந்து இறக்கிவிடும், என் கையில் ஒன்றுமில்லை.

எட்டு நாற்பது வண்டி தேவநாதன் ஒரு நாள்கூட லேட் இல்லை. மூன்று மாதமாகச் சுத்தம். ஆயுத பூஜையன்று அவருக்கு ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர் பரிசு கொடுப்பதாக முதலாளி சொல்லியிருக்கிறார். தேவநாதன் முதலாளியின் ஊர்க்காரர் என்று டிரைவர்கள் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும், மிஷினுக்கு ஊர் கிடையாது.

கதிரவன்


சிதம்பரம்
3.9.2010

மாமாவுக்கு,

கலியபெருமாள் லேட் இல்லை. அந்த நேரங்களை என் கையால் எழுதியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். நீங்கள்தான் எங்கோ தப்பாக டைப் செய்திருக்க வேண்டும்.

அவரைப் பற்றி உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்காது. 2004 வரைக்கும் கடலுக்குப் போனவர். அந்த டிசம்பரில் வள்ளம், வலை எல்லாம் போனபிறகு முப்பத்தெட்டு வயதில் ஹெவி லைசென்ஸ் எடுத்தார். நம் கம்பெனியில் வயதுக்கு மீறிய புது டிரைவர். அதனாலேயே ஒரு நாள்கூடத் தாமதம் என்று பெயர் வாங்கக் கூடாது என்று இருப்பவர். தாலுகா ஆபீஸ், யுனிவர்சிட்டி என்று பத்து மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் எட்டு நாற்பது வண்டியைப் போகவிட்டு இந்த வண்டிக்கு நிற்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

எழிலரசி


கடலூர்
6.9.2010

எழிலுக்கு,

உன் நோட்டை வரவழைத்து, டைப் செய்ததோடு வரிக்கு வரி சரிபார்த்தேன். ஒரு புள்ளி மாறவில்லை. மறுபடி புரோகிராமை ஓட்டினேன். அதே இருபத்துநாலு.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. வாரத்துக்கு ஒரு தடவை பரங்கிப்பேட்டையிலிருந்து கலியபெருமாள் மூலமாக உனக்கு இறால் வருகிறது என்று ஒரு கண்டக்டர் சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முதலாளி காதுக்குப் போனால் நீ பரிந்து பேசுவதற்கு வேறு அர்த்தம் வரும். மனிதர்கள் பேசினால் இப்படித்தான் ஆகும் என்றுதான் மிஷினிடம் கொடுத்தோம். மிஷின் பொய் சொல்லாது.

கதிரவன்


சிதம்பரம்
4.10.2010

மாமாவுக்கு,

உங்கள் போன கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருந்தால் அசிங்கமாக எழுதியிருப்பேன். அதனால் ஒரு மாதம் விட்டேன். அந்த இறால் நான் காசு கொடுத்து வாங்குவது. தேவநாதனும் வாங்குகிறார்.

வெள்ளிக்கிழமையிலிருந்து எட்டு ஐம்பது வண்டியை வேறொருவர் ஓட்டுகிறார். கலியபெருமாள் ஸ்பேர். காலையில் கடலூர் ஷெட்டுக்கு வந்து யாராவது லீவு போடுகிறார்களா என்று உட்கார்ந்திருக்கிறாராம், இல்லையென்றால் வண்டி கழுவுகிறாராம். சனிக்கிழமை டிக்கெட் எடுத்துப் பயணியாக இங்கே வந்தார். "நான் லேட்டா வந்தேன்னு நீங்களா மேடம் எழுதுனீங்க?" என்று கேட்டார். சண்டைக்கு வரவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். நோட்டைத் திறந்து காட்டினேன். அவர் ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

அவர் போனபிறகு அதே நோட்டை நானும் பார்த்தேன். ஆகஸ்ட்டில் அவர் லேட் இல்லை என்று உங்கள் மிஷின் சொன்னது இரண்டே நாள். அவை எந்த நாட்கள் என்று உங்கள் பட்டியலில் தேடினேன். இரண்டும் மழையில் மெதுவாக வந்த நாட்கள். ஒரு நாள் 10.01, இன்னொரு நாள் 10.03. மற்ற இருபத்துநாலு நாளும் 9.56, 9.57, 9.58. அவர் வர வேண்டிய நேரம் 10.05. அதாவது, பத்துக்கு முன்னால் வந்த நாளெல்லாம் லேட், பத்துக்குப் பின்னால் வந்த நாள் சரி.

பிறகு தேவநாதனைப் பார்த்தேன். அவர் வர வேண்டியது 9.55. வருவது 10.01, 10.02. பத்து நிமிடம் பின்னால் புறப்பட்ட கலியபெருமாள் தினமும் அவரை வழியில் முந்திக்கொண்டு வந்திருக்கிறார். அவருக்கு லேட், இவருக்குக் குக்கர்.

ஜூன், ஜூலையில் ஏன் சிவப்பு இல்லை என்பதும் யோசித்தேன். அப்போது கடிகாரம் ஆறு நிமிடம் முன்னால் இருந்தது. 9.57-க்கு வந்தவரை நான் 10.03 என்று எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் சொல்லி நான் கடிகாரத்தைச் சரி செய்த நாளிலிருந்து அவர் லேட்.

கம்ப்யூட்டர் வராதவள் கேட்கிறேன். உங்கள் புரோகிராமுக்கு ஒன்பது பெரிதா, பத்து பெரிதா?

எழிலரசி


கடலூர்
6.10.2010

எழிலுக்கு,

ஒன்பதுதான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, புரோகிராமை விட்டுவிட்டு, 9.57 பெரிதா 10.05 பெரிதா என்று நேராக ஒரே ஒரு வரி கேட்டேன். ஒன்பது ஐம்பத்தேழுதான் பெரிது என்றது. இரண்டு தடவை கேட்டேன்.

தப்பு என்னுடையது. நேரத்தை நான் அதனிடம் நேரமாகக் கொடுக்கவில்லை, வெறும் எழுத்தாகக் கொடுத்திருக்கிறேன். அதற்குக் கடிகாரம் ஞாபகம் வராது. டெலிபோன் டைரக்டரியில் பெயர்களை அடுக்குகிற மாதிரி முதல் எழுத்தை வைத்துப் பார்த்திருக்கிறது. ஒன்றில் முதல் எழுத்து 9, இன்னொன்றில் 1. ஒன்றைவிட ஒன்பது பெரிது, அதோடு முடிந்தது. மற்ற டிரிப்பெல்லாம் ஒன்பதுக்குள்ளேயோ பத்துக்கு மேலேயோ இருப்பதால் சரியாக வந்தது. பத்து மணியை ஒட்டி வருகிற இந்த இரண்டு வண்டிதான் மாட்டிக்கொண்டது. நீ சுழியம் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. ஆனால் நான் அதை அழகுக்காகத்தான் கேட்டேன், காரணம் எனக்கே தெரியாது. நோட்டோடு சரிபார்த்தபோதுகூட 9.57 என்று கண்ணால் பார்த்தேன். டைப் சரிதானா என்று பார்த்தேனே தவிர அது லேட்டா என்று யோசிக்கவில்லை. யோசிக்கிற வேலையைத்தான் மிஷினிடம் கொடுத்துவிட்டேனே.

இப்போது மாற்றிவிட்டேன். எழுத்தை முதலில் நேரமாக மாற்றி, அதன் பிறகு ஒப்பிடுகிறது. நான்கு வரிதான். இனிமேல் சுழியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ஆனால் முதலாளியிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மிஷின் பொய் சொல்லாது சார் என்று ஊர் கூட்டிச் சொன்னவன் நான். ஒரு வழி தோன்றுகிறது. ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் உன் ஷெட் கடிகாரம் கோளாறாக இருந்தது, அதனால் நேரம் தப்பாகப் பதிவாகிவிட்டது என்று நீ ஒரு கடிதம் எழுதிக் கொடு. நான் அந்தப் பட்டியலை ரத்து செய்கிறேன். கலியபெருமாளுக்கு வண்டி கிடைத்துவிடும். கடிகாரத்தை யாரும் வேலையை விட்டு அனுப்பமாட்டார்கள். உன் அக்காவிடம் இதைப் பற்றி இன்னும் பேசவில்லை. யோசித்துச் சொல்.

கதிரவன்


சிதம்பரம்
8.10.2010

மாமாவுக்கு,

யோசித்தேன். எழுதித் தர மாட்டேன்.

கடிகாரத்தை வேலையை விட்டு அனுப்பமாட்டார்கள், சரி. ஆனால் கோளாறான கடிகாரத்தைப் பார்த்து இரண்டு மாதம் எழுதிக்கொண்டிருந்தவள் யார் என்று கேட்பார்கள். கம்ப்யூட்டர்தான் வராது என்று இருந்தது, இப்போது நோட்டில் நேரம் எழுதுவதும் அதுக்கு வராது என்றாகிவிடும். என்னிடம் இருப்பது அந்த ஒரு வேலைதான். அதைச் சரியாகச் செய்திருக்கிறேன். ஸ்டேஷன் வரைக்கும் சுமந்துபோய்ச் சரி செய்த கடிகாரம் அது.

உங்கள் கடிதத்தை முதலாளிக்கு அனுப்பலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டேன். நோட்டு வைக்கிற பெட்டியில் இருக்கிறது. இதை நீங்களே உங்கள் வாயால் சொன்னால்தான் கலியபெருமாள் பெயர் சுத்தமாகும். வேறு யார் சொன்னாலும் பரிந்து பேசுகிறார்கள் என்றுதான் ஆகும். இறால் ஞாபகம் இருக்கிறதல்லவா.

பதினாறாம் தேதி ஆயுத பூஜை. தேவநாதன் கையில் குக்கர் போய்விட்டால் பிறகு யாரும் எதையும் திருப்பிப் பார்க்கமாட்டார்கள்.

எழிலரசி


கடலூர்
18.10.2010

எழிலுக்கு,

சொல்லிவிட்டேன்.

முன்கூட்டியே தனியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் முதலாளி அறைக்குப் போனேன். ஒவ்வொரு நாளும் வேறு ஏதாவது பேசிவிட்டு வந்தேன். கடைசியில் பூஜை நாள் வந்துவிட்டது. வண்டிகளுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் வைத்து, என் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். கலியபெருமாள் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார், எட்டு வண்டிக்கும் அவரேதான். குக்கர் பெட்டியை முதலாளி கையில் எடுத்தபோதுதான் எனக்கு வாய் திறந்தது. "சார், தப்பு டிரைவர் மேல இல்ல, கடிகாரத்து மேலயும் இல்ல. நான் எழுதுனதுல இருக்கு" என்றேன்.

எல்லாரும் பார்க்க அந்தப் பொட்டு வைத்த கம்ப்யூட்டரில் பழைய வரியை அடித்துக் காட்டினேன். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "எட்டு பஸ் வச்சி ஓட்டறேன். ஒம்போது பெருசா பத்து பெருசான்னு எனக்கு இது பாடம் எடுக்குதா" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. குக்கர் திரும்ப பீரோவுக்குள் போய்விட்டது. தேவநாதன் என்னிடம் பேசுவதில்லை. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, நடுவில் நின்றவர்.

யார் கண்டுபிடித்தது என்று முதலாளி கேட்டார். சிதம்பரம் டைம்கீப்பர் எழிலரசி, நோட்டைப் பார்த்தே கண்டுபிடித்தாள் என்றேன். அப்படியா என்றார். அவ்வளவுதான் சொன்னார். பெரிதாக எதிர்பார்க்காதே.

இருபதாம் தேதியிலிருந்து கலியபெருமாளுக்கு மறுபடி எட்டு ஐம்பது. கம்ப்யூட்டருக்கு உறை போட்டு மூடியாகிவிட்டது. நவம்பர் ஒன்றிலிருந்து எனக்குப் புதுச்சத்திரம் செக்கிங் பாயின்ட். நம் வண்டி ஒவ்வொன்றும் எத்தனை மணிக்குக் கடக்கிறது என்று ரோட்டோரம் நின்று நோட்டில் எழுத வேண்டும். நோட்டில் நேரம் எழுதுகிற வேலை. உன் அக்கா கேட்டுவிட்டுச் சிரித்தாள், பிறகு கொஞ்சம் அழுதாள்.

காதுகுத்து விஷயம் பாக்கி இருக்கிறது. உனக்குக் கம்ப்யூட்டர் வராது என்று நான் எதையும் பார்த்துச் சொல்லவில்லை. நீ அந்த ஆபீசுக்கு வந்தால் என்னைவிட நன்றாகச் செய்துவிடுவாய் என்று பயந்துதான் சொன்னேன். மூன்று வருடமாக எனக்கே அதைச் சொல்லிக்கொள்ளத் தைரியம் இல்லை. தப்பு, எழில்.

கதிரவன்


சிதம்பரம்
8.11.2010

மாமாவுக்கு,

இதைப் புதுச்சத்திரத்தில் வண்டி நிற்கும்போது கண்டக்டர் உங்களிடம் கொடுப்பார். டிரைவரிடம் கொடுக்கவில்லை. விஷயம் அவரைப் பற்றியது.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். பதில் எழுத எனக்கும் நாளாயிற்று. கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது முழு உண்மை இல்லை, ஆனால் பாதிக்கு மேல் போய்விட்டது.

கலியபெருமாளிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். எழுத்து, நேரம், முதல் எழுத்து எல்லாம் அவருக்குப் புரிகிற மாதிரி இரண்டு தடவை சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்ப, நான் சீக்கிரம் வந்ததுதான் தப்பா மேடம்?" இல்லை, மிஷின் தப்பு, இப்போது மிஷினே இல்லை என்றேன். சரி என்று தலையாட்டினார்.

ஆனால் போன மாதம் இருபதாம் தேதியிலிருந்து அவர் தினமும் 10.04-க்கு வருகிறார். முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை, 10.04. முதலில் ரோடு வேலையோ என்று நினைத்தேன். பிறகு பயணிகள் சொன்னார்கள். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டிவிடுகிறாராம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாராம். பத்து அடித்தபிறகுதான் எடுக்கிறார். தாலுகா ஆபீஸ்காரர்கள் கத்துகிறார்கள், இரண்டு பேர் தேவநாதன் வண்டிக்கே மாறிவிட்டார்கள். எவ்வளவு கத்தினாலும் எடுப்பதில்லை. நான் கேட்டால், "பத்துக்கு மேல வந்தா பிரச்சன இல்ல மேடம்" என்கிறார். எதிர்த்துப் பேசுவதில்லை, சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புரோகிராமை நான்கு வரியில் மாற்றினேன் என்று எழுதியிருந்தீர்கள். இவரை நான் எத்தனை வரி சொல்லியும் மாற்ற முடியவில்லை. நான் சொல்லி ஆகாது. ஒரு நாள் நீங்கள் வாருங்கள்.

எழிலரசி


புதுச்சத்திரம்
10.11.2010

எழிலுக்கு,

திங்கட்கிழமை வருகிறேன். இங்கே எட்டு ஐம்பது வண்டி கடக்கிற நேரம் 9.24. லீவு சொல்லிவிட்டேன், பயணியாகத்தான் ஏறுவேன். இந்தப் பத்து நாளும் அவர் என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டுத்தான் போகிறார். அப்புறம் போய்ப் பாலத்தில் நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது.

இங்கே நானும் சுழியம் போடுவதில்லை. நேரமிருப்பதில்லை.

கதிரவன்


சிதம்பரம்
15.11.2010

மாமாவுக்கு,

நீங்கள் எதிர்ப்பக்கம் டீக்கடையில் அவரோடு நின்றுகொண்டிருக்கிறீர்கள். இதை எழுதி முடிப்பதற்குள் இங்கே வந்துவிடுவீர்கள், வாயாலேயே பேசிக்கொள்ளலாம். ஐந்து மாதமாக எழுதியே பழகிவிட்டதால் எழுதுகிறேன். போகும்போது வண்டியில் படித்துக்கொள்ளுங்கள்.

கண்டக்டர் முதலில் இறங்கி ஓடிவந்து சொன்னார். நீங்கள் அவர் பக்கத்தில் எஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்து வந்தீர்களாம். பாலம் தாண்டியதும் அவர் வழக்கம்போல் ஓரம் கட்டப் பார்த்தாராம். நீங்கள் உங்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, அவர் கடிகாரத்துக்கும் கை நீட்டினீர்களாம். "தப்பு பண்ணவன் நான் உங்க பக்கத்துலயே உக்காந்திருக்கேன். நீங்க ஓட்டுங்க அண்ணே" என்றீர்களாம். அவர் கடிகாரத்தைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்துவிட்டுக் கியரைப் போட்டாராம். தாலுகா ஆபீஸ்காரர்களில் ஒருவர் கை தட்டினார் என்று கண்டக்டர் சொன்னார், அது அவர் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

வண்டி உள்ளே வந்தபோது கலியபெருமாள் வெறும் மணிக்கட்டோடு இறங்கி, நேராக என் ஜன்னலுக்கு வந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "எழுதிட்டீங்களா மேடம்?" என்று கேட்டார். நோட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன்.

இன்று வீட்டுக்குப் போனதும் எனக்கு ஒரு போன் செய்யுங்கள், அக்காவிடமும் பேசுகிறேன். உங்கள் நம்பரிலிருந்தே செய்யுங்கள்.

நோட்டில் எழுதியிருப்பது 9.57.

எழிலரசி